அப்பா போனில் ‘சம்மன்’ ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு), அழிக்க முடியவில்லை. உதவுங்கள்!

கூரைக்காரர் மகன், சுங்கை சிப்புட், மலேசியா:
காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு கோப்பு வந்தது. பெயர் ‘சமான் மஹ்கமா’, அதாவது நீதிமன்றச் சம்மன். விசாரணைத் தேதி பார்க்க இதை நிறுவவும் என்று மலாயில் எழுதியிருந்தது. வேறு நேரமாக இருந்தால் சீண்டியிருக்க மாட்டார். டவுனில் ஒருவருக்கு ஜிங்க் கூரை போட்ட கூலி 3,200 வெள்ளி வராததால் போன மாதம்தான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த நினைப்பில் அழுத்திவிட்டார், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டார். இப்போது அழிக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. போன் ஆண்ட்ராய்டு, பேங்க் செயலியும் அதில்தான்.

போன் கடை அண்ணன்:
தம்பி, டேட்டா, வைஃபை இரண்டையும் மூடு, சிம்மைக் கழற்று. மற்றதெல்லாம் அப்புறம். எஸ்எம்எஸ் அவர்கள் கைக்குப் போனால் பணம் மாற்ற பேங்க் அனுப்பும் டிஏசி எண்ணும் போன மாதிரிதான். அம்மா போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல், அடுத்து மோசடிப் புகார் எண் 997. பிறகு அமைப்புகளில் ‘டிவைஸ் அட்மின்’ என்று தேடு. அந்தச் செயலிக்கு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டால் செயலியை அழிக்கலாம். கடைசியில் ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடு.

கூரைக்காரர் மகன்:
நன்றி அண்ணே. கணக்கை முடக்கிவிட்டார்கள், காசு போகவில்லை. டிக்கை எடுத்ததும் அதை அழிக்க முடிந்தது. அப்பாவுக்கு வழக்கு இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? எதிராளி வேலையா?

பழைய கிராணி:
ரீசெட் போட்டுவிட்டாயா? போடாதே, போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்! கூலி தருகிறேன் என்று அந்த ஆள் புலனத்தில் எழுதியிருந்தால் அதுதான் உன் அப்பாவின் சாட்சி. நெட்டைத் திறக்காமல், ஒவ்வொரு திரையையும் எண்ணும் தேதியும் தெரியும்படி அம்மா போனில் படம் எடு. அந்த ‘சம்மன்’ செய்தியையும் எடு, போலீஸ் புகாருக்கு வேண்டும்.

எதிராளி வேலையாக இருக்காது. ஆயிரம் பேருக்கு வலை வீசுவார்கள், வழக்கு உள்ளவர் மாட்டுவார். 5,000 வெள்ளிக்குள் உள்ள சிறு வழக்கில் வழக்குப் படிவமான படிவம் 198-ஐ எதிராளியிடம் சேர்ப்பதே வழக்குப் போட்டவர்தான், நேரிலோ பதிவுத் தபாலிலோ. உன் அப்பாவுக்கு யார் சம்மன் அனுப்புவது? தேதியில் சந்தேகம் என்றால் வழக்கு எண்ணோடு நீதிமன்ற முகப்பில் போய்க் கேள். செய்தியில் வந்த எண்ணைக் கூப்பிடாதே.

கூரைக்காரர் மகன்:
நல்லவேளை, போடவில்லை ஐயா. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் வக்கீல் வைக்க முடியாது என்பதால் சாட்ஜிபிடியிடம் அப்பாவின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினேன். ஆதாரமாக இரண்டு பழைய தீர்ப்புகளும் கொடுத்தது. கோர்ட்டே ஏஐ பயன்படுத்துகிறதாமே?

பழைய கிராணி:
2020-இல் சபா, சரவாக் நீதிமன்றங்களில் ஒரு ஏஐ கருவி வந்தது உண்மைதான். தண்டனை இவ்வளவு இருக்கலாம் என்று யோசனை சொல்லும், முடிவு மாஜிஸ்திரேட்டுடையது. நீ செய்தது வேறு. 2023-இல் நியூயார்க்கில் இதே சாட்ஜிபிடி கொடுத்த, இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து வக்கீல்களே 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்த இரண்டையும் தேடிப் பார்த்தாயா?

கூரைக்காரர் மகன்:
இப்போதுதான் தேடினேன். ஒன்று கிடைக்கவே இல்லை. இன்னொன்று நிலத் தகராறு, கூலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய கிராணி:
இரண்டையும் வெட்டு. ஜிங்க் வாங்கிய ரசீது, கூரைப் படம், அந்த ஆள் எழுதியது. இவ்வளவு போதும்.

கூரைக்காரர் மகன்:
‘தீபாவளி முடிந்ததும் தருகிறேன் அண்ணே’ என்று எழுதியிருக்கிறார், தேதியோடு. படம் எடுத்தாயிற்று. இப்போது ரீசெட் போடுகிறேன்.