அரையாண்டு லீவுக்கு ஆந்தைக் கதை வாசிக்கலாமா?

ஊருணிக்கரை:
எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர், ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிப்பவர்கள். அரையாண்டு லீவில் அவர்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் ஒரு நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்துக்காட்டப் போகிறேன். சிரிக்க வேண்டும், மர்மமும் வேண்டும், இயற்கையும் இருக்க வேண்டும். கார்ல் ஹையசனின் 'ஹூட்' எடுத்திருக்கிறேன். 2002இல் வந்த புத்தகம், மறு வருடம் அமெரிக்கச் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி ஹானர் விருது வாங்கியது. ஃபுளோரிடாவில் ஒரு காலி மனையில் பான்கேக் கடை கட்டப் போகிறார்கள். ராத்திரியில் யாரோ வந்து அளந்து அடித்த குச்சிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். தற்காலிகக் கழிப்பறைக்குள் குட்டி முதலை கிடக்கிறது. காவலுக்கு வந்த போலீஸ்காரர் காரில் தூங்கிவிட, கண்ணாடி முழுக்கக் கறுப்புப் பெயின்ட்! அவர் கண்விழித்து, இன்னும் விடியவில்லை என்றே நினைக்கிறார். அந்த மனையில் தரைக்குள் வளையில் வாழும் சின்ன ஆந்தைகள் இருக்கின்றன. அங்கேதான் கதை.

கணக்கு வாத்தியார்:
அண்ணே, எனக்கு இது சரியாகப் படவில்லை. பள்ளிக்கூடமே போகாத ஒரு பையன் அடுத்தவர் மனைக்குள் நுழைகிறான், பொருளைச் சேதப்படுத்துகிறான், காவல் நாய்களைத் துரத்த விஷப்பாம்பு விடுகிறான். ஏழாவது படிக்கிற பையன் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வான்? சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஊரே கூடிச் செய்த முடிவு. ஒரு குச்சியையும் யாரும் பிடுங்கவில்லை. அதைச் சொல்லுங்கள் பிள்ளைகளுக்கு.

துப்பறியும் வாசகன்:
எனக்கு வேறு குறை. பாதிக்கு முன்பே அந்தப் பையன் யாரென்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் என்ன மர்மம்?

ஊருணிக்கரை:
யார் என்பது தெரிந்த பிறகு கேள்வி மாறுகிறது, தம்பி. ஆந்தை இருப்பது தெரிந்தும் கட்ட அனுமதி எப்படிக் கிடைத்தது? ராய் என்ற இன்னொரு பையன் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைக் கேட்கிறான். சுற்றுச்சூழல் அறிக்கையைக் காணோம். எனக்கு முதலையைவிட இந்த இடம்தான் பெரிது. ஒரு பிள்ளை அலுவலகத்தில் நின்று காகிதம் கேட்கலாம் என்பதே நம் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. வாத்தியாரய்யா, நீங்கள் சொல்லும் தப்பை ராயே அந்தப் பையனிடம் சொல்கிறான், சட்டப்படி ஏதாவது செய்வோம் என்று. கடைசியில் கம்பெனியை மாட்டிவிடுவது குச்சி பிடுங்கியது இல்லை, அந்த அறிக்கை. பாம்புகளின் வாயைக்கூட அவன் டேப் போட்டு ஒட்டித்தான் விடுகிறான்.

கணக்கு வாத்தியார்:
வாய்க்கு டேப் போட்டால் அது பாம்புக்குச் செய்த கொடுமை இல்லையா? இயற்கைக் கதை என்கிறீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.

ஊருணிக்கரை:
கேட்கட்டும். அந்த இடத்தில் நிறுத்தி, நானே கேட்கப் போகிறேன். நீங்கள் சொன்னது நியாயம்.

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்கள் பூட்டிய வீட்டில் கூகை ஆந்தை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை திறப்போம். உள்முற்றத்து வளவுத் தளத்தில் எலிமுடியும் பொடி எலும்புமாய்ச் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். எங்கள் ஆயா செய்வினை என்று பயந்து வாசலில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்வார். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காததைக் கக்குகிறது என்று எனக்குத் தெரிய நாற்பது வயதாகிவிட்டது. அதற்குள் வீடு சுத்தம் செய்ய வந்தவர்கள் கூட்டைக் குஞ்சோடு கலைத்துவிட்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆந்தையைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு கதை எனக்குப் பத்து வயதில் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன். வாசியுங்கள், தம்பி.

துப்பறியும் வாசகன்:
ஆச்சி, அந்த உருண்டையே நல்ல மர்மக் கதை.

கணக்கு வாத்தியார்:
ஆச்சி சொன்னது மனதைத் தைக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், ஃபுளோரிடா வரைக்கும் போக வேண்டுமா? நற்றிணை 83ஆம் பாட்டில் தோழி ஒரு கூகையைக் கெஞ்சுகிறாள். ஆட்டுக்கறியும் நெய்யும் போட்ட சோறு தருகிறேன், சுட்ட எலியும் தருகிறேன், தலைவன் வருகிற நேரத்தில் மட்டும் அலறாதே என்று. அந்தச் சிரிப்பு நம்முடையது. சகுனம் என்ற பேச்சே அதில் இல்லை. ஆந்தைக்கு விருந்து வைக்கிறாள்!

ஊருணிக்கரை:
அப்படியானால் முதல் நாள் அந்தப் பாட்டைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். அதை நீங்களே வந்து சொல்ல முடியுமா? டிசம்பரில் வேட்டங்குடியில் பறவைகளும் இருக்கும். வேன் பேசுகிறேன்.

கணக்கு வாத்தியார்:
பாட்டுச் சொல்ல வருகிறேன். பையன் பாம்பு விடும் நாளன்றும் வருவேன். என் எதிர்ப்பைப் பிள்ளைகள் முன்னால் சொல்ல விட வேண்டும்.

கானாடுகாத்தான் ஆச்சி:
வேனில் எனக்கும் ஒரு இடம் வையுங்கள்.