தறப்பாள் கட்ட எந்த முடிச்சு? நைலோன் கயிறு தொய்ந்துகொண்டே இருக்கிறது

நோர்வூட் தம்பி:
வணக்கம். எங்கள் மாட்டுக் கொட்டிலின் கூரைத் தகரம் பழசு. ஜூன் மழை வருவதற்குள் மேலே தறப்பாள் போட்டுக் கட்ட வேண்டும். நைலோன் கயிற்றை எப்படி இறுக்கினாலும் விடியும்போது தொய்ந்துவிடுகிறது, காற்றில் தறப்பாள் படபடவென்று அடிக்கிறது. இரண்டு மூலையில் வளையமும் பிய்ந்துவிட்டது. வேலைக்கு உதவும் முடிச்சுகளை முறையாகப் பழக ஆசை. எதில் தொடங்கலாம்? மாடு கட்டவும் ஒன்று சொல்லுங்கள்.

லொறி அண்ணன், நுவரெலியா:
தம்பி, நாங்கள் லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு ஹட்டன், கினிகத்தேனை வழியாக இறங்குகிறவர்கள். அந்த வளைவுகளில் கயிறு தொய்ந்தால் மூட்டை ரோட்டில்தான் கிடக்கும். உங்கள் வேலைக்கு டிரக்கர்ஸ் ஹிட்ச், அதாவது லொறிச் சுமையை இழுத்து இறுக்கும் முடிச்சு, ஒன்றே போதும், முதலில் அதைப் பழகுங்கள்.

ஒரு முனையைத் தறப்பாளில் கட்டியாயிற்றா? சரி. கீழே கட்டப்போகும் கட்டைக்கு ஒரு முழம் மேலே, நடுக்கயிற்றில் ஒரு சுருக்குக் கண் போடுங்கள், அதாவது கயிற்றை ஒரு வளையமாகச் சுற்றி, மடித்த கயிற்றை அதற்குள்ளால் இழுத்துக் கண்ணாக எடுங்கள். கண்ணுக்காக மடித்து எடுக்கும் கயிறு கட்டைப் பக்கத்திலிருந்து வர வேண்டும். தறப்பாள் பக்கத்திலிருந்து எடுத்தால் இழுக்கும்போது கண் மூடிக்கொள்ளும். பழகுகிறவர்கள் எல்லாரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அவசரப்படாதீர்கள். அப்புறம் முனையைக் கட்டையில் சுற்றி, மேலே கொண்டுவந்து, கண்ணுக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுங்கள். கயிறு விண்ணென்று நிற்கும். கண்ணை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தபடியே, அதற்குக் கீழே இரண்டு அரைமுடிச்சு (முனையால் கயிற்றை ஒருமுறை சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே விட்டு இழுப்பது). கடைசி அரைமுடிச்சில் முனையை முழுக்க உருவாமல் மடித்து விடுங்கள். குளிரில் விறைத்த விரலுக்கும் ஒரே இழுவையில் அவிழும்.

நைலோன் நனைந்தால் நீளும். அதனால் முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை இழுத்துவிடத்தான் வேண்டும். அரைமுடிச்சை மட்டும் அவிழ்த்து இழுத்தால் போதும்.

பிய்ந்த மூலைக்கு வளையமே வேண்டாம். ஆற்றில் கிடக்கும் எலுமிச்சங்காய் அளவு உருண்டைக் கல்லை மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே வைத்து, தறப்பாளால் பொத்தி, கல்லுக்குக் கீழே கழுத்துப்போல ஒடுங்கும் இடத்தில் குளோவ் ஹிட்ச் போட்டு இறுக்குங்கள். கயிற்றை ஒருமுறை சுற்றி, அதன் மேலே குறுக்காகப் போய் இன்னொரு முறை சுற்றி, முனையை அந்த இரண்டாவது சுற்றுக்கு அடியில் செருகுவதுதான் அது. கூர்க்கல் வேண்டாம், தறப்பாளை அறுத்துவிடும்.

கொட்டகலை அக்கா:
தம்பி, மாட்டின் கழுத்துக்கு உருவாஞ்சுருக்கு போடவே கூடாது. நம்முடைய சரிவில் கால் வழுக்கினால் அது இறுகி உயிரையே எடுத்துவிடும். போலைன் போடுங்கள், அந்த வளையம் இறுகாது. கயிற்றில் சின்னக் கண் ஒன்று வைத்து, கழுத்தைச் சுற்றி வந்த முனையைக் கீழிருந்து அதற்குள் ஏற்றி, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே இறக்குங்கள். கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாகப் போக வேண்டும். விறைத்த நைலோனில் போலைன் ஆட்டத்துக்கு மெல்ல இளகும். முனையை ஒரு சாண் மிச்சம் விட்டு வளையத்தோடு ஓர் அரைமுடிச்சு சேருங்கள். நான் கழுத்துக்குத் தும்புக்கயிறுதான் போடுகிறேன், நைலோன் தோலை அறுக்கிறது.

நோர்வூட் தம்பி:
அக்கா, அண்ணா, மிக்க நன்றி. கயிறு ஒரு பக்கம் குறைகிறது. மெல்லிய கயிற்றை அதோடு சேர்த்துக் கட்டலாமா?

லொறி அண்ணன், நுவரெலியா:
கட்டலாம், ஷீட் பெண்ட் போடுங்கள். தடித்த கயிற்றை மடித்துப் பிடித்து, மெல்லியதை அந்த மடிப்புக்குள் ஏற்றி, பின்னால் இரண்டு சுற்று சுற்றி, தன் அடியிலேயே செருகி இறுக்குங்கள். நைலோனுக்கு ஒரு சுற்று போதாது.