ரிவ்யூ பாட் போட்டதிலிருந்து ஒருத்தரும் கமெண்ட்டைப் படிப்பதில்லை, கான்ஃபிக் எப்படி வைப்பது?

வண்ணார்பேட்டை டெவ்

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் ஏழு பேர் இருக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துக் காய்கறி மண்டிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். பின்னால் சர்வருக்கு லாராவெல் (பிஹெச்பி), முன்னால் திரைக்கு ரியாக்ட், கோடு கிட்ஹப்பில். ஓனர் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து "ரிவ்யூ எல்லாம் தானா நடக்கணும்" என்றார். பிஹெச்பி கோடில் பிழை தேடும் பிஹெச்பிஸ்டான், ஜாவாஸ்கிரிப்ட் கோடில் தேடும் இஎஸ்லின்ட், மாற்றத்தைப் படித்து கமெண்ட் எழுதும் ஒரு ஏஐ ரிவ்யூ பாட் மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டோம்.

இப்போது நாலு வரி மாற்றினால் நாற்பது கமெண்ட். பாதிக்கு மேல் ஸ்பேஸ் விட்டது, விடாதது. பையன்கள் படிக்காமலே ரிசால்வ் அமுக்கிவிட்டுப் போகிறார்கள். பிஹெச்பிஸ்டான் பழைய கோடைப் பார்த்து எந்நேரமும் சிவப்பு, அதனால் சீனியர் அட்மின் உரிமையில் தாண்டி மெர்ஜ் செய்துவிடுகிறார் (கிளையில் சேர்த்துவிடுகிறார்). இதில் கொடுமை, புதுப் பையன் ஒருவன் கமிஷன் தொகைக்கு ஃப்ளோட் (பைசா பிசகக்கூடிய தசம எண்) போட்டிருந்தான். பாட் அதற்கு வாயே திறக்கவில்லை. அதே பிஆரில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) ஒரு வேரியபிள் பெயரைப் பற்றி ஒரு பாரா எழுதியிருந்தது.

அப்புறம், மெயினுக்குப் போகும் பிஆரைத்தான் பாட் பார்க்கிறது. மொபைல் வேலை டெவலப் கிளைக்குப் போகும், அங்கே எட்டியே பார்ப்பதில்லை. ஓனரோ, பாட் ஓகே சொன்னால் ஆள் பார்க்க வேண்டாமே என்கிறார். என்ன செய்ய?

தச்சநல்லூரான்

தம்பி, மூன்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கோடைப் படியுங்கள். ஏழு பேருக்கு எதுக்குலே இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

கல்லிடைக்குறிச்சி அக்கா

அண்ணாச்சி சொல்வதில் பாதி நியாயம். ஆனால் உட்கார்ந்து படிக்கிற ரெண்டு பேரும் ஸ்பேஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அதுவும் தண்டம்தான். கழற்ற வேண்டாம் தம்பி, எதை எதனிடம் கேட்பது என்று பிரித்து வை.

ஸ்பேஸ், கமா, அடைப்புக்குறி பற்றி ஒரு கமெண்ட்கூட பிஆரில் வரக்கூடாது. லாராவெல்லோடு பின்ட் என்ற ஃபார்மட்டர் வருகிறது, ரியாக்ட் பக்கம் ப்ரிட்டியர் போடு. கமிட் செய்யும்போதே அவை திருத்திவிடட்டும். முதல் தடவை மொத்த ரெப்போவையும் ஃபார்மட் செய்வதைத் தனி கமிட்டாக வை, வேறு மாற்றம் எதையும் அதில் கலக்காதே. அந்த கமிட்டின் ஹேஷை (அடையாள எண்ணை) கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ் ஃபைலில் எழுதி ரூட்டில் போட்டுவிடு. இல்லையென்றால் நாளைக்கு எந்த வரியை யார் மாற்றினார் என்று பிளேம் பார்த்தால் எல்லா வரியும் உன் பெயரில் நிற்கும். கிட்ஹப் அந்த ஃபைலைத் தானே படித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் பார்க்க கிட் கான்ஃபிகில் ஒரு வரி சேர்க்கணும்.

பிஹெச்பிஸ்டானுக்கு பேஸ்லைன் உண்டு. ஜெனரேட் பேஸ்லைன் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டினால் இன்று வரைக்கும் உள்ள பிழையெல்லாம் ஒரு நியான் ஃபைலில் போய் உட்காரும். மெயின் கான்ஃபிகில் அதை இன்க்ளூட் செய்துவிட்டால் புதுப் பிழைக்கு மட்டும்தான் சிவப்பு. ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்: பழைய பிழை ஒன்றை யாராவது சரி செய்தாலும் சிவப்பு விழும், பேஸ்லைனில் இருப்பது இப்போது கோடில் இல்லை என்று. பயந்துவிடாதீர்கள், பேஸ்லைனை மறுபடி எடுத்து அதே பிஆரில் சேர்த்தால் போதும். அந்த ஃபைல் சின்னதாகிக்கொண்டே வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பெரிதானால் யார் பிஆர் என்று பார்.

இஎஸ்லின்ட்டில் வார்னிங் என்ற பேச்சே வேண்டாம். ஒரு விதி முக்கியமா, எரர் ஆக்கு. முக்கியமில்லையா, அணைத்துவிடு. மஞ்சளாக வருவதை நம் ஊரில் யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

இனி ஏஐ பாட். ஃப்ளோட்டை அது விட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உங்கள் மண்டிக் கணக்கு அதற்கு எப்படித் தெரியும்? முதலில், அதை நம்பியே இருக்காதே. புதிதாக வரும் மைக்ரேஷன் ஃபைலில் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவது) ஃப்ளோட், டபுள் என்று இருந்தால் பில்டை நிறுத்து என்று சிஐ-யில் (பிஆர் வந்ததும் தானாக ஓடும் சோதனை) ஒரு கிரெப் வரி (சொல் தேடும் கட்டளை) போதும். கிரெப்புக்குத் தெரிவதை ஏஐயிடம் கேட்காதே. கிரெப் ஒருநாளும் விட்டுவிடாது, பாராவும் எழுதாது.

கிரெப்புக்குப் பிடிபடாததை பாட்டிடம் சொல்லி வை. கோட்ரேபிட் மாதிரி பாட் என்றால் ரூட்டில் ஒரு யாமல் ஃபைல் (அமைப்புகள் எழுதுவது) இருக்கும், அதில் இந்த ஃபோல்டருக்கு இந்த அறிவுரை என்று எழுதலாம். உங்கள் பில்லிங் ஃபோல்டருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பணம் எல்லாம் பைசாவில், முழு எண்ணாக. எடை கிராமில். ரூபாய்க்கு வட்டமாக்குவது மொத்தத்தில் ஒரே ஒரு முறை, வரிக்கு வரி கிடையாது. இதை மீறினால் மட்டும் சொல். பெயர், ஸ்டைல் பற்றிப் பேச வேண்டாம்."

வட்டமாக்கலை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு சீட்டில் தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றுக்கும் தலா 33.50 கமிஷன் என்று வை. வரிக்கு வரி வட்டமாக்கினால் 34, 34, 34, மொத்தம் 102. கூட்டிவிட்டு வட்டமாக்கினால் 100.50, அது 101. ஒரு ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றும். காய் கொண்டு வந்தவர் விடிகாலையில் கவுண்டரில் நின்று விரல் விட்டு எண்ணிக் கேட்பார், மண்டிக்காரர் உனக்குத்தான் போன் போடுவார். இந்த மாதிரி விஷயத்தை பாட்டுக்கு நீ சொல்லாமல் அது எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்?

அதே யாமலில் லாக் ஃபைல், பில்ட் ஃபோல்டர் எல்லாவற்றையும் விலக்கு. டிராஃப்ட் பிஆரைப் பார்க்க விடாதே. புரொஃபைல் என்று ஒன்று இருக்கும், அதை "சில்" (chill, சின்னக் குறைகளை விட்டுவிடுவது) என்று வை. டெவலப் கிளையை எட்டிப் பார்க்காததும் இதனால்தான் இருக்கும்: டிஃபால்ட் கிளைக்கு வருவதை மட்டும்தான் அது தானாகப் பார்க்கும். யாமலில் பேஸ் பிராஞ்சஸ் என்ற பட்டியலில் டெவலப்பைச் சேர்.

ஓனரிடம் ஒன்று சொல். பாட் ஓகே சொல்வது, தெரிந்த விதி எதுவும் உடையவில்லை என்பதற்கு. அந்த மண்டிக்கு இந்த மாற்றம் தேவையா என்று அதற்குத் தெரியாது. கோட்ஓனர்ஸ் ஃபைலில் பில்லிங் ஃபோல்டருக்கு ஒரு ஆளின் பெயரைப் போட்டு, அவர் அப்ரூவ் செய்யாமல் மெர்ஜ் ஆகாதபடி கிளையைப் பூட்டு. அந்த ஃபைலில் கடைசியாகப் பொருந்தும் வரிதான் செல்லும், அதனால் எல்லா ஃபைலுக்கும் பொதுவான நட்சத்திர (*) வரி மேலே, பில்லிங் வரி கீழே. பைபாஸ் கூடாது என்ற டிக்கையும் போட்டுவிடு, சீனியருக்கும் சேர்த்து.

வண்ணார்பேட்டை டெவ்

அக்கா, ரொம்ப நன்றி. பேஸ்லைன் எடுத்ததும் முதல் தடவையாகப் பச்சை பார்த்தோம். ஆனால் கிளையைப் பூட்டுகிற அமைப்பு எங்கள் ரெப்போவில் வேலை செய்ய மாட்டேன் என்கிறது. அப்புறம், சோதனைக்கு வைத்திருக்கும் இன்னொரு ரெப்போவில் ரீட்மி மட்டும் மாற்றிய பிஆர் "காத்திருக்கிறது" என்றே கிடக்கிறது, மெர்ஜே ஆகவில்லை.

மேலப்பாளையம் டெவ்ஆப்ஸ்

முதலாவது, பிரைவேட் ரெப்போ இலவசக் கணக்கில் இருக்கும். கம்பெனிக் கணக்கு என்றால் டீம் பிளானுக்குப் போனால்தான் கிளைப் பாதுகாப்பும் கோட்ஓனர்ஸும் கிடைக்கும். ஓனருக்குத்தான் ஆசை, அவரே பில் கட்டட்டும்.

ரெண்டாவது, சிஐ-யை ஓட்டும் வொர்க்ஃப்ளோவில் பாத்ஸ் ஃபில்டர் போட்டு பிஹெச்பி ஃபைல் மாறினால் மட்டும் ஓடு என்று வைத்திருப்பீர்கள். வொர்க்ஃப்ளோ மொத்தமாக ஓடவில்லை என்றால், கட்டாயம் என்று குறித்த செக் பெண்டிங்கிலேயே நிற்கும். ஃபில்டரை எடுத்துவிட்டு, ஜாபுக்கு உள்ளே இஃப் நிபந்தனையாக வையுங்கள். இஃப் போட்டுத் தாண்டிய ஜாபை கிட்ஹப் பாஸ் என்றே கணக்கில் எடுக்கும்.