குடம்–குயவன் வாதம் எங்கே இடறுது?

கேள்வி (தக்கலை): குடத்துக்குக் குயவன்போல உலகுக்கும் அதைப் படைச்ச ஒருவன், அதாவது கடவுள், உண்டுங்கிற நியாய மரபு (தர்க்கத்தை மையமா வச்ச இந்தியத் தத்துவ மரபு) வாதத்தை எப்படிச் சோதிக்கது?

நாகர்கோவில்: அண்ணே, மூணா உடைங்க. உலகம் காரியம் (உண்டான பொருள்), காரியத்துக்கெல்லாம் அறிவுள்ள கர்த்தா (செஞ்சவன்) உண்டு, ஆகவே உலகுக்கும் உண்டு. வடிவம் சரிதான். இடறல் ரெண்டாவதுல. தானா முளைக்கிற புல்லுக்குக் கர்த்தாவை யாரு பாத்தா? அதையும் கடவுள் கணக்குல எழுதினா, நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கிட்டதாகும்.

குளச்சல்: அந்த ரெண்டாவதை ஒத்துக்கிட்டாலும் 'ஒருவன்' கிடைக்காது. பத்மநாபபுரம் அரண்மனை ஒரே ஆள் கட்டினதா என்ன? 1779-ல வெளிவந்த ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூமின் உரையாடல் நூலும் இதைக் கேக்குது. நாத்திக வாதம்னு ஒதுக்காதீங்க. அனுமானத்தால (ஊகிச்சு அறியறதால) ஈசுவரனை நிறுவ முடியாது, சாஸ்திரமே பிரமாணம் (ஆதாரம்)னு ராமானுஜரே மறுத்திருக்கார்.

தக்கலை: குயவனுக்கு உடம்பு உண்டே, அவனுக்கு?

நாகர்கோவில்: உண்டுன்னா அந்த உடம்பும் காரியம், அதைச் செஞ்சவன் யாரு? இல்லைன்னா குயவன் உவமையே பொருந்தல.