எண்ணூர் ஆற்றுக்குப் போய்ப் போய் நான் மாறியிருக்கிறேனா, மரத்துப்போயிருக்கிறேனா?

தண்டையார்பேட்டை_வாசி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இயற்கை என்றாலே ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போகிற ஊட்டி, கொடைக்கானல்தான். நம்ம பக்கம் என்ன இருக்கிறது, கன்டெய்னர் லாரியும் மணலிக் காற்றும்தானே என்று நானும் இருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஆபீஸ் நண்பர் ஒருவர் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு எண்ணூர் ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான்.

ஆரம்பத்தில் பட்டியல் பைத்தியம். புதுப் பறவை கிடைக்காத ஞாயிறு வீண் என்று நினைப்பேன். இப்போது போனில் பட்டியலைத் திறப்பதே இல்லை. தண்ணீர் வற்றியதும் சேற்றில் நண்டுகள் வெளியே வருவது, மடையான் கொக்கு அசையாமல் நிற்பது, வாடைக்காற்று தொடங்கியதும் கரையோரம் யார் யார் புதிதாக வந்து இறங்கியிருக்கிறார்கள் என்பது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடுகிறது.

இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. அந்தச் சேற்றில் நிலக்கரிச் சாம்பல் கலந்திருப்பது எனக்கும் தெரியும். முன்பெல்லாம் பார்த்தாலே கோபம் வரும். இப்போது அதே சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் மேய்வதை ரசித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருகிறேன். 'நீ மாறியிருக்கிறாயா, இல்லை மரத்துப்போய்விட்டாயா' என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கேயே வாழ்கிற உங்களுக்கு எப்படி?

எண்ணூர்க்காரன்:

அண்ணே, அண்ணி கேட்டது சரியான கேள்வி.

நாங்கள் மீனவக் குடும்பம். எனக்குச் சின்ன வயதில் ஆறே பிடிக்காது, படித்ததே அதை விட்டுத் தப்பிக்கத்தான். அப்பாவுக்குப் பறவை என்றால் தகவல். ஆலாக்கள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம், அழகெல்லாம் பேச மாட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படர்ந்ததே, அப்போது நம் ஆட்கள் வாளியிலும் மக்கிலும் அள்ளினார்கள், பல பேர் வெறுங்கையால். கூழைக்கடாக்களின் இறக்கையெல்லாம் கறுத்துப்போயிருந்தன. அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா வேறு கசிந்து ராத்திரியில் ஊரே ஓடியது.

நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவோடு இறங்கினேன். அவர் அலையாத்திச் செடி ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். இந்த வேரடியில்தான் இறால் குஞ்சு தங்கும், இது செத்தால் இறாலும் இல்லை என்றார். மனுஷன் அழவில்லை, ஆனால் அன்று சாப்பிடவும் இல்லை. எனக்கும் ஆற்றுக்கும் ஏதாவது உறவு இருக்கிறது என்றால் அது அந்த வாரத்தில் தொடங்கியதுதான்.

நிம்மதியாக இருங்கள், அதை யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். பறவை பார்க்க வருகிறவர்களில் நிறைய பேர் அனல்மின் நிலையப் புகைபோக்கி ஃப்ரேமில் விழாதபடி குனிந்து நெளிந்து போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கிறவன் இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே நினைப்பான்? உள்ளானை எடுங்கள், புகைபோக்கியையும் சேர்த்தே எடுங்கள்.

மீஞ்சூர்_அக்கா:

தம்பிகள் இரண்டு பேரும் பேசுவது நன்றாக இருக்கிறது, ஆனால் கரையில் நின்று பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள்.

என் அம்மா ஊர் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அங்கே மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், உன் முறை இல்லாத நாளில் எவ்வளவு மீன் இருந்தாலும் நீ அங்கே போகக் கூடாது. எல்லோரும் உள்ளே வந்துவிட முடியாது, அதில் சண்டையும் உண்டு, மறைக்கவில்லை. இன்னொரு பக்கம் இருளர் பெண்கள் பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு இறாலைக் கையால் தடவிப் பிடிப்பார்கள். சேறு எங்கே இளகியிருக்கிறது, எங்கே மணல் ஏறிவிட்டது என்று அவர்கள் காலுக்குத் தெரிகிற அளவு எந்த மொபைல் ஆப்புக்கும் தெரியாது.

தம்பி, அடுத்த முறை பைனாகுலரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே வலை உதறுகிறவர்களிடம் போய் இன்றைக்கு என்ன பட்டது என்று கேளுங்கள். மரத்துப்போனீர்களா இல்லையா என்பது, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து டீ இறங்குகிறதா என்பதில் தெரிந்துவிடும்.

வியாசர்பாடி_மொட்டைமாடி:

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற எங்களுக்கு எண்ணூரே ஊட்டி மாதிரிதான் தல. 2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் தெருவில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தைச் சாய்த்தது. அது நின்றவரை காக்கா எச்சம் வண்டியில் விழுகிறது என்று திட்டுவோம். அடுத்த மே மாதம் மாடி வீட்டில் ராத்திரி தூங்க முடியாதபோதுதான் தெருவே மரத்தைப் பற்றிப் பேசியது. இப்போது அதே இடத்தில் நாங்கள் நட்ட பூவரசு நிற்கிறது, ஆடு கடிக்காமல் காப்பாற்றியதே பெரிய கதை. மாற்றம் என்றால் எங்களுக்கு இவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை_வாசி:

எல்லோருக்கும் நன்றி. புகைபோக்கி விஷயம் சுருக்கென்றது, என் கேலரியைத் திறந்து பார்த்தேன், ஒன்றிரண்டில்கூட அது இல்லை. மீஞ்சூர் அக்கா, வலை உதறுகிறவர்களிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது, வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிற மாதிரி. எண்ணூர்க்காரன் தம்பி, அப்பா பேசுவாரா?

எண்ணூர்க்காரன்:

பேசுவார், ஆனால் கேள்வி கேட்டால் பேச மாட்டார். கூட உட்கார்ந்து வலையில் சிக்கின நண்டை எடுத்துக் கொடுத்தால் தானாகவே ஆரம்பித்துவிடுவார். கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி எனக்கு மெசேஜ் போடுங்கள். விடியற்காலையில் வாருங்கள், எட்டு மணிக்கு மேல் என்றால் தூங்கப் போய்விடுவார்.