அம்மா குரல் செய்தியைக் கேட்கிறார், பதில் மட்டும் வருவதில்லை

கேள்வி (ஓசூர்):
பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். ஓசூரில் எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் என்பதால், நான் பேச உட்காரும் நேரத்தில் அவர் உறங்கியிருப்பார், இல்லையென்றால் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகையால், ஆறு மாதமாக வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிவருகிறேன். மைக் படம் நீலமாகிவிடுகிறது. பதில் ஒன்றுகூட வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டபோது, "உனக்குத்தான் தினமும் சொல்றேனே" என்று கோபித்துக்கொண்டார். போனை வைத்து விளையாடும் தம்பி மகன் ஏதாவது அமைப்பை மாற்றிவிட்டானா?

பதில் 1 (தருமபுரி):
படித்ததைக் காட்டும் நீல டிக்கை அணைத்துவைத்தாலும், குரல் செய்திக்கான நீல மைக் மறையாது. ஆகவே அந்தப் போனில் செய்தி ஓடியிருக்கிறது என்பது உறுதி. யார் காதில் விழுந்தது என்பதை அது சொல்லாது.

பதில் 2 (அரூர்):
உங்கள் அம்மா சொன்னது பொய்யாக இருக்காது. என் மாமியாரும் இப்படித்தான். மகன் அனுப்பிய செய்தியில் "சாப்பிட்டியாம்மா?" என்று வந்தவுடன், "ஆச்சுடா, களி தின்னேன், இங்க இன்னும் மழையே இல்ல" என்று போனைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை அடுப்படியிலிருந்து கேட்டேன். செய்தியோ நிற்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது. மகன் தன் பேச்சைக் காதில் வாங்குவதில்லை என்று அவருக்கு வருத்தம் வேறு. மைக்கை அழுத்திப் பிடித்தால் அவர் விரல் வழுக்கிவிடும் என்பதால், அழுத்தியபடி மேலே தள்ளிப் பூட்டவும், பேசி முடித்தபின் அம்புக்குறியைத் தொடவும் பழக்கினேன். அவர் பழகப் பத்து நாள் ஆயிற்று.

பதில் 3 (கிருஷ்ணகிரி):
சிறுவயதில் எங்கள் தெருப் பெண்களுக்கு இன்லேண்ட் கடிதம் படித்துக்காட்டியவன் நான். அவர்களும் வரிக்கு வரி பதில் சொல்வார்கள். நான் நிறுத்தி, கேட்டு, பிறகு எழுதுவேன். இந்தியாவில் தந்தி நின்றது 2013 ஜூலையில், வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது அதற்கடுத்த மாதம். கடிதத்துக்கு நடுவில் ஓர் ஆள் இருந்தான், இதற்கு இல்லை. (அந்த ஆளுக்கு ஊர் ரகசியம் அத்தனையும் தெரியும் என்பது வேறு கதை.) பழக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனாலும் வார விடுப்பு நாளில் ஒரு நேரம் குறித்து நீங்களே அழைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி கேட்டவர்:
பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் பழக்கச் சொன்னேன். நேற்றிரவு அம்மாவின் முதல் செய்தி வந்தது: 47 விநாடி. அதில் பாதிக்கு மேல், "போவுதா பாப்பா? போவுதா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.