சனிக்கிழமை பறந்த லேசர் படகு ஞாயிற்றுக்கிழமை நகர மறுத்தது ஏன்? (பாக் விரிகுடா, ஐப்பசிக் காற்று)

உப்புக்காத்து:
வணக்கம். உச்சிப்புளிக்கு வடக்கே, பாக் விரிகுடா பக்கம் ஒரு சின்ன கிளப்பில் பாய்ப்படகு ஓட்டுகிறேன். ஒருவர் மட்டும் ஓட்டும் கிளப்பின் பழைய லேசர் படகு, ரேடியல் என்ற சிறிய பாய் (இப்போது இல்கா 6 என்கிறார்கள்). என் எடை 58 கிலோ.

போன சனி, ஞாயிறு கிளப் போட்டி. சனிக்கிழமை காலை காற்று கரையிலிருந்து, தென்மேற்காக வந்தது. பனங்காட்டைத் தாண்டி வருவதால் விட்டு விட்டு அடித்தது. ஆனால் அலையே இல்லை. இடது பக்கமாகவே ஏறிப் போய், காற்று வரும் பக்கத்து மேல் மிதவையை முன்வரிசையில் சுற்றினேன்.

ஞாயிறு வேறு கதை. காலையில் இலை அசையவில்லை. ஒத்திவைப்புக் கொடியை ஏற்றிவிட்டு எல்லோரும் கரையில் உட்கார்ந்துவிட்டோம். பதினொரு மணிக்கு மேல் கடலிலிருந்து காற்று பிடித்தது. தொடங்கும்போது நேர் வடக்கு, கடைசிச் சுற்றில் வடகிழக்கு. வேகம் பத்து நாட் இருக்கும். அதே படகு, அதே பாய், அதே இறுக்கம். ஆனால் எதிர்காற்றில் ஏறும்போது என் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். டாக் அடித்தால், அதாவது காற்றின் குறுக்கே மறுபக்கம் திருப்பினால், மூக்கு காற்றுக்கு நேராக நின்றுவிடும், அப்புறம் பின்னோக்கி நகரும். இடது பக்கம் போனதும் உதவவில்லை.

மூன்று மணிக்கு கரைப்பக்கம் கருமேகம் கட்டி ஒரே அடி. கவிழ்ந்தேன். பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொண்டது. மீட்புப் படகு வந்துதான் எடுத்தார்கள்.

எதைச் சரி பார்க்க வேண்டும்? பாயா, சுக்கானா, நானா?

கச்சத்தயிர்:
58 கிலோவா? பிரியாணி சாப்பிடுங்க, படகு தானா ஓடும்.

பாதிப்பாய்:
பத்து நாட் காற்றில் ரேடியலுக்கு 58 கிலோ குறையே இல்லை, தம்பி. எடை பிரச்சினையாவது இன்னும் காற்று ஏறிய பிறகு.

@உப்புக்காத்து, மூன்று விஷயம் சொல்லுங்கள். சுக்கான் பிடி கனமாக இழுத்ததா? சுக்கான் பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு, அதைக் கவ்வும் கிளீட்டில் நின்றதா, நழுவியதா? காற்றோடு இறங்கி வரும்போதும் மெதுவாகத்தான் இருந்தீர்களா?

முதல் இரண்டையும் கேட்பதற்குக் காரணம், ஆழம் குறைந்த இடத்தில் சுக்கான் தரை தட்டிக் கொஞ்சம் மேலே எழும்பிவிட்டால் பிடி கல்லாய்க் கனக்கும், படகு எப்போதும் காற்றுக்குத் திரும்பப் பார்க்கும். பழைய படகுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

உப்புக்காத்து:
அண்ணே, கயிறு நழுவவில்லை, கரைக்கு வந்ததும் பார்த்தேன். பிடி கனக்கவில்லை, ஆனால் கையில் கிறுகிறுவென்று ஓர் அதிர்வு இருந்தது. இறங்கி வரும்போது யாரும் என்னை முந்தவில்லை. ஒரு இறக்கத்தில் நானே இரண்டு பேரைப் பிடித்தேன்.

பாயை சனிக்கிழமை மாதிரியே தட்டையாக வைத்திருந்தேன். அவுட்ஹால் (பாயின் அடிவிளிம்பை இழுக்கும் கயிறு) இறுக்கம், கன்னிங்ஹாமும் (முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) இறுக்கம்.

பாதிப்பாய்:
பாதி விடை அதில் இருக்கிறது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கடலிலிருந்து காற்று அடித்தால் அரை மணி நேரத்தில் குட்டையான, செங்குத்தான அலை எழும்பும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே இருக்காது. படகு ஒவ்வொரு அலையிலும் முட்டி நிற்கும், மறுபடி வேகம் எடுக்க பாய்க்கு வயிறு வேண்டும். கரைக்காற்றில் தண்ணீர் சமமாக இருக்கும்போது தட்டைப் பாய் போதும், அதனால்தான் சனிக்கிழமை ஓடியது.

அடுத்த முறை கடல்காற்றில் அவுட்ஹாலைத் தளர்த்துங்கள். பாயின் அடிக்கட்டையான பூமின் நடுவில் பாய்க்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வரட்டும். கன்னிங்ஹாமை முழுவதும் விட்டுவிடுங்கள், சுருக்கம் விழுந்தால் விழட்டும். காற்றுக்கு ஒட்டிப் போகப் பார்க்காமல் மூக்கை இரண்டு மூன்று டிகிரி இறக்கி வேகத்தோடு போங்கள். டாக் அடிக்க ஓரளவு சமமான தண்ணீர் வரும்வரை காத்திருங்கள். அலை மூக்கில் அறையும் நேரத்தில் திருப்பினால் நின்றுதான் போகும்.

நின்றுபோனால் பதற வேண்டாம். பூமை வெளியே தள்ளி, சுக்கான் பிடியையும் தள்ளுங்கள். படகு பின்னால் போய்த் தானாகத் திரும்பும். திரும்பியதும் இரண்டையும் இழுங்கள். அப்படிப் பின்னால் போகும்போது மற்ற படகுகளுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும் என்பது விதி, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டிக்காரன்:
பாய் கதை சரி. ஆனால் அந்த அதிர்வை எல்லோரும் தாண்டிப் போகிறீர்களே.

தங்கச்சி, இறங்கும்போது, படகின் நடுவில் கீழே இறங்கும் டாகர்போர்டு பலகையைப் பாதி தூக்கித்தானே வருவாய்? அப்போது வேகம் இருக்கிறது. முழுக்க இறக்கி ஏறும்போது இல்லை. பலகையில் தாழை, அதாவது கடல்புல், மாட்டியிருக்கிறது.

நம்ம பக்கம் கடலடி முழுக்கப் புல். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் உதிர்ந்த தாழையெல்லாம் கரையை விட்டு வெளியே மிதந்து போகும். ஐப்பசியில் கச்சான் ஓய்ந்து வாடை திரும்பியதும் அத்தனையும் கரைக்கு வரும், பட்டை பட்டையாக, காற்றின் வாக்கில் வரிசை கட்டி. ஓணான் கொடி மாதிரி நீளநீளமாக இருக்கும் அந்த இலை, பலகையின் முன்விளிம்பில் மடிந்து உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் வால் ஆடும். அதுதான் நீ கையில் உணர்ந்த கிறுகிறுப்பு. மேலே இருந்து பார்த்தால் தெரியாது, தண்ணீர் கலங்கலாக வேறு இருக்கும்.

காற்று மாறியதும் தண்ணீரும் மாறியிருக்கிறது. சனிக்கிழமை உன் வழியில் புல்லே இல்லை, ஞாயிற்றுக்கிழமை அதன் நடுவில் ஓட்டியிருக்கிறாய். உன்னைத் தாண்டியவர்கள் நடுவில் பலகையைத் தூக்கித் தூக்கிப் போட்டிருப்பார்கள், கேட்டுப் பார்.

செய்ய வேண்டியது: போட்டி தொடங்க ஒரு நிமிடக் கொடி இறங்குவதற்கு முன்பே பாயைக் காற்றுக்கு எதிராகப் பிடித்து இரண்டு படகு நீளம் பின்னால் ஓட்டு, மாட்டியிருப்பது கழன்றுவிடும். ஓடும்போது அதிர்வு வந்தால் பலகையை ஒரு முழம் சட்டென்று தூக்கி இறக்கு. சுக்கானில் மாட்டியதைக் கையால்தான் எடுக்க வேண்டும், பின்னால் சாய்ந்து. மிதக்கும் வரிசையைப் பார்த்தால் அதனூடே நீளவாக்கில் ஓட்டாதே, குறுக்கே வெட்டிக் கடந்து போ. நண்டு வலை மிதவைக்கும் இதே கவனம் வேண்டும். வலையை இழுத்துக்கொண்டு வந்தால் கரையில் நல்ல வரவேற்பு கிடைக்காது.

பாதிப்பாய்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஓட்டுவது ஏரியில்.

உப்புக்காத்து:
தொண்டி அண்ணே, பலகையைத் தூக்குவது விதிமீறல் இல்லையா? அப்புறம் பக்கம் தேர்ந்தெடுப்பது. சனிக்கிழமை இடது பக்கம் ஜெயித்தது, ஞாயிற்றுக்கிழமை அதே இடது பக்கம் கவிழ்த்துவிட்டது.

பாதிப்பாய்:
தூக்கலாம். நீங்கள் படகை ஆட்டியோ பாயை அடித்தோ உந்தவில்லை, புல்லை நீக்குகிறீர்கள்.

பக்கம் பற்றி: இரண்டு நாளும் காற்று மாறிக்கொண்டேதான் இருந்தது, மாறிய விதம்தான் வேறு. கரைக்காற்று பனங்காட்டையும் சவுக்கையும் தாண்டி வருவதால் இடம் வலம் என்று ஊசலாடும். அதில் இடது பக்கம் நல்லது, வலது பக்கம் கெட்டது என்று எதுவும் கிடையாது. மூக்கு மிதவையை விட்டு விலகத் தொடங்கினால் டாக், நெருங்கினால் அப்படியே பிடி. அன்று இடது பக்கம் உங்களுக்கு அமைந்தது, அவ்வளவுதான்.

கடல்காற்று ஊசலாடாது. உங்கள் கரை வடக்கு நோக்கியது, அதனால் முதலில் வடக்கிலிருந்து நேராக வரும். பொழுது ஏற ஏற வலப்பக்கமாக, கடிகார முள் திசையில் திரும்பும். பூமியின் சுழற்சி செய்யும் வேலை அது. அந்த மாதத்தில் வாடையும் மேலே சேர்ந்துகொள்ளும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வடக்கில் தொடங்கி வடகிழக்கில் முடிந்தது என்று. ஒரே திசையில் திரும்பிக்கொண்டே போகும் காற்றில், அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறதோ அந்தப் பக்கம் முதலில் போக வேண்டும். ஞாயிறு அது வலது.

திசைகாட்டி இல்லையென்றால் பின்னால் திரும்பிப் பாருங்கள். காற்று வலப்பக்கம் படும் ஸ்டார்போர்டு டாக்கில் முழு வேகத்தில் போகும்போது படகின் பின்புறம் கரையில் எந்தச் செல்போன் கோபுரத்துக்கு நேராக இருக்கிறது? பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஊசலா, திரும்பலா என்று தெரிந்துவிடும்.

ஆர்வம் குறைந்தால் ஒன்று நினைத்துக்கொள்ளுங்கள்: சென்னை நேத்ரா குமணன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனது இதே வகைப் படகில்தான்.

தொண்டிக்காரன்:
மண்டபம் பக்கம் போனால் இந்தக் கணக்கும் ஆட்டம் காணும். அங்கே நிலம் ஒடுங்கி, சில நாள் மன்னார் வளைகுடாக் காற்று தெற்கிலிருந்து தாண்டி வந்து இந்தப் பக்கக் காற்றோடு முட்டும். நடுவில் மாட்டியவன் பாயைத் தொங்கவிட்டு உட்கார வேண்டியதுதான்.

மழையடி பற்றி யாரும் சொல்லவில்லையே. கரைப்பக்கம் மேகம் கறுத்து, அடித்துக்கொண்டிருந்த கடல்காற்று திடீரென்று செத்துப்போனால் அதுதான் எச்சரிக்கை. அடுத்து குளிர்ந்த காற்று வரும், நிலத்திலிருந்து கடலை நோக்கி. அதாவது உன்னை வெளியே தள்ளும். லேசர் பாய் பாய்மரத்தில் சட்டை மாதிரி மாட்டியது, கடலில் சட்டென்று இறக்க முடியாது. அதனால் அது வருவதற்கு முன்பே கரை. கமிட்டி போட்டியைக் கைவிடும் 'N' கொடியை ஏற்றட்டும் என்று காத்திருக்காதே. பாம்பனில் கூண்டு ஏற்றியிருந்தால் கிளம்பவே வேண்டாம். மாட்டிக்கொண்டால் படகை விட்டு நீந்தாதே.

மீட்புப்படகு:
சேற்றில் குத்திய பாய்மரத்துக்கு வருகிறேன். லேசர் பாய்மரம் சுமார் 6 மீட்டர், நீங்கள் ஓட்டும் இடத்தில் தண்ணீர் அதில் பாதி இருந்தால் அதிகம். முழுக்கக் கவிழ விட்டால் குத்தத்தான் செய்யும். கவிழ்ந்ததும் வேகமாக டாகர்போர்டுக்குப் போய்விட்டால் பாய்மரம் தண்ணீர் மட்டத்திலேயே நிற்கும்.

குத்திவிட்டால் பலகை மேல் ஏறிக் குதிக்காதீர்கள், இரண்டு துண்டான பாய்மரத்தின் மேல் துண்டு வளையும். எந்தக் கோணத்தில் குத்தியதோ அதே கோணத்தில் உருவ வேண்டும். மீட்புப் படகு மெதுவாக அந்தப் பக்கம் இழுக்கட்டும். இப்போதே மேல் துண்டைக் கழற்றி சிமெண்ட் தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ரிவெட் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு அரித்திருக்கிறது, உடைவது அங்கேதான்.

உப்புக்காத்து:
இன்று காற்று வடகிழக்கு, பயிற்சிக்கு மட்டும் போனேன். பாயைத் தளர்த்தினேன், நல்ல வித்தியாசம். ஆனால் பாதி வழியில் அதே கிறுகிறுப்பு. பலகையைத் தூக்கினேன். கை நீளத்துக்கு மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு கற்றை, பலகை உறையின் வாயில் மடிந்து கிடந்தது. உருவி எறிந்ததும் படகு முன்னே துள்ளியது. தொண்டி அண்ணனுக்கு நன்றி.

மேல் துண்டு தத்தி உருள்கிறது. கிளப்பில் இன்னொன்று இருக்கிறதாம். பாய்மர உச்சியில் காலி தண்ணீர் பாட்டில் கட்டினால் சேற்றில் குத்தாது என்று ஒருவர் சொன்னார், கட்டலாமா?

மீட்புப்படகு:
பயிற்சிக்குக் கட்டுங்கள், மூடியை டேப் போட்டு ஒட்டிவிட்டு. போட்டி நாளில் கழற்றிவிடுங்கள். இல்கா விதிப்புத்தகத்தில் அனுமதி என்று எழுதாத எதையும் படகில் சேர்க்கக் கூடாது. கிளப் போட்டிதான் என்றால் அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், அவர் சரி என்றால் சரி.